மொழியோடு சட்டமும் வேண்டும்



ஜெர்மனிக்கு வரும் செவிலியர் பற்றிய உங்கள் கட்டுரை மொழித் தேர்வோடு நின்றுவிட்டது பெருங்குறை. இங்கே 2020 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள செவிலியர் தொழில் சட்டம், நோயாளிக்கு என்ன பராமரிப்பு தேவை என்று கணிப்பதையும் அதன் தரத்தை மதிப்பிடுவதையும் தகுதி பெற்ற செவிலியருக்கே ஒதுக்கியிருக்கிறது.

ஊரில் டாக்டர் எழுதியதைப் பார்த்தே வேலை செய்து பழகியவள் நான். ஹாலேயில் செவிலியராக அங்கீகாரம் கிடைத்த முதல் வாரம், படுக்கையிலிருந்த ஒரு பாட்டியின் குதிகாலில் சிவப்பைக் கண்டதும் டாக்டருக்காகக் காத்திருந்தேன். “புண்ணாகாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு” என்றார் மூத்த செவிலியர்.

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியருக்கு நடத்தும் ஜெர்மன் வகுப்புகளில் இந்தச் சட்டத்துக்கும் நாலு வகுப்பு ஒதுக்கலாமே!

– ஒரு செவிலியர், ஹாலே, ஜெர்மனி