தாயக்கட்டைக்கு ஞாபகம் உண்டா?

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நிகழ்தகவு கடைசியாக வருகின்ற பாடம். தேர்வு நெருங்கும் அவசரத்தில் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போகிறோம். ஆனால் மதிப்பெண்ணைவிட வாழ்க்கைக்கே இப்பாடம் அதிகம் தேவை என்பது எங்கள் கருத்து.

விடுமுறையில் பாட்டியோடு தாயம் ஆடாதவர் நம்மில் யார்? இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு முகங்கள். சேர்த்து உருட்டினால் 4 × 4 = 16 விளைவுகள். இதுவே கூறுவெளி. தாயம் விழ ஒன்றில் 0, மற்றதில் 1 வரவேண்டும். அதற்கு இரண்டே வழிகள். ஆகவே நிகழ்தகவு 2/16, அதாவது 1/8.

"ஏழு முறை விழவில்லை, எட்டாவது முறை கட்டாயம் விழும்" என்பார் பாட்டி. கட்டைக்கு ஞாபகம் ஏது? எட்டாவது முறையும் அதே 1/8 தான். எட்டு முறை உருட்டியும் தாயமே விழாதிருக்க மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே வாய்ப்புண்டு!

விளையாட்டில் இத்தவறு வேடிக்கை; வாழ்வில் அப்படியன்று. 1968-இல் நம் மாநில அரசே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது. பல குடும்பங்கள் சீரழிந்தபின், 2003-இல் லாட்டரி முழுவதும் தடை செய்யப்பட்டது. மூன்று இலக்க எண் ஒன்று பொருந்த ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. நேற்று தோற்ற சீட்டு இன்றைய வாய்ப்பை இம்மியும் கூட்டாது. இதை அறியாமல் கூலியைத் தொலைத்தவர் எத்தனை பேர்!

எங்கள் வீட்டில் நாங்கள் மூவரும் பெண்கள். "மூன்றும் பெண்ணாயிற்று, நாலாவது ஆண்தான்" என்று உறவினர் அம்மாவிடம் ஓயாது சொல்லி வந்தனர். நாலாவதற்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான். அதுவும் தந்தையின் குரோமோசோமைப் பொறுத்தது என்கிறது அறிவியல் பாடம். பிறகு அம்மாவின் மேல் குறை சொல்வது எப்படி நியாயம்? கணக்கை எழுதிக் காட்டினோம். அம்மா இருமுறை படித்துவிட்டு, தாளை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டார்.

மணவாள நகரிலிருந்து ஷிப்ட்டுக்குச் செல்லும் தந்தையரைக் கேளுங்கள். எல்லா உதிரிபாகங்களையும் அளக்காமல், சிலவற்றை மட்டும் சோதித்துச் சரக்கை அனுப்புவது உண்டு. அதற்கும் அடிப்படை நிகழ்தகவே.

எனவே தோழியரே, வகுப்புக்குத் தாயக்கட்டை கொண்டு வருவோம். நூறு முறை உருட்டிக் குறித்துப் பார்ப்போம். விதி என்று பெருமூச்சு விடுமுன், கணக்கு என்ன சொல்கிறது என்று கேட்கப் பழகுவோம்!