பூட்டும் வேண்டும்; அயலும் வேண்டும்

படலையைச் சாத்திவிட்டுச் சென்றாற் போதும், பூட்டுத் தேவையில்லை என்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்லத்தக்க ஊர் ஒன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று உண்டா? இல்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஒரு வீட்டிலே தாலிக்கொடி போயிற்று; ஒரு தோட்டத்திலே நீரிறைக்கும் இயந்திரம் போயிற்று; ஒரு கடைவாசலிலே நிறுத்திய மோட்டார் சைக்கிள் போயிற்று. சந்தையிலும் சங்கக்கடையிலும் கோயில் வீதியிலும் செத்தவீட்டுப் பந்தலிலும் இதுவே பேச்சு. ஆனால், பேச்சோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அன்றிரவும் பின்கதவு வெறுமனே சாத்தியபடி கிடக்கிறது. மோட்டார் சைக்கிளில் திறப்புத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அயல்வீட்டு நாய் ஏன் குரைக்கிறது என்று எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த அசட்டையைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறோம்.

முற்காலத்திலே களவே இருக்கவில்லை என்று கூறுவோர் உளர். அது பழமைமீதுள்ள பற்றினாற் பிறந்த பேச்சேயன்றி வரலாறு அன்று. களவு இருந்தபடியாலேயே நம் முன்னோர் தம் மாடுகளுக்குக் குறியிட்டனர். களவு இருந்தபடியாலேயே தோட்டங்களிற் காவற்கொட்டில் போட்டு இரவு விழித்தனர். களவு இருந்தபடியாலேயே ஊர் விதானையாருக்குக் கள்ளரைப் பிடிக்கும் கடமையும் இருந்தது. 1963ஆம் ஆண்டில் விதானை முறை ஒழிந்து கிராமசேவகர் முறை வந்தது. விதானைமாரின் அதிகாரத்தினால் எளியவர்கள் பட்ட துன்பங்களை நாம் மறக்கவில்லை. ஆதலால் அம்முறை மீளவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. அக்காலத்திற் களவுக்கு அணைபோட்டது பூட்டு மாத்திரமன்று; விதானையாரின் பிரம்பு மாத்திரமுமன்று. ஒழுங்கையில் நடமாடும் ஒவ்வொருவரையும் இன்னார் என்று அறிந்துவைத்திருந்த அயலாரின் கண்களே அன்றைய பெருங்காவல்.

அந்தக் கண்கள் இன்று எங்கே? கிடுகுவேலி நின்ற இடத்தில் ஆளுயர மதில் எழுந்துவிட்டது. வேலிப்பொட்டினூடாகக் கறியும் கதையும் கைமாறிய காலம் போய்விட்டது. பாதுகாப்புக்கென்றே மதிலைக் கட்டுகிறோம். ஆனால், அதனை ஏறிக் குதித்தவனை ஊரார் கண்ணிற் படாமல் மறைத்து வைப்பதும் அதே மதில்தான். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பெரிய வீடொன்றிலே முதிய தாயும் தந்தையும் தனித்திருக்கின்றனர். வேறு பல வீடுகளிலோ எவருமே இல்லை. பூட்டு மாத்திரம் துருப்பிடித்துத் தொங்குகிறது. ஆளில்லா வீட்டிற் பூட்டு எத்தனை பெரிதாயினும் அது கள்ளனுக்குத் தடையன்று. ‘இங்கே எவருமில்லை’ என்று அவனுக்குச் சொல்லும் அறிவித்தலே ஆகும்.

பூட்டினாற் பயனில்லை என்று நாம் கூறுவதாக எவரும் கருதவேண்டாம். முதற்கடமை பூட்டுவதே. கள்ளன் நள்ளிரவிற் கன்னக்கோலோடு வருவான் என்பது பழங்கதை. இன்று அவன் பட்டப்பகலில் வருகிறான். கணவனும் மனைவியும் கந்தோருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் சென்றபின் வருகிறான். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வீட்டார் அனைவரும் சென்றிருக்கும் வேளையில் வருகிறான். நல்லூரிலே 25 நாட்கள் திருவிழா நடைபெறுகின்றது. பெறுமதியான நகைகளை அணிந்துவர வேண்டாமென்று அடியார்களுக்கு அங்கே அறிவுறுத்தப்படுகிறது. நல்ல அறிவுரை! ஆனால், கழற்றிய நகையை அலுமாரியில் வைத்துவிட்டு, வீட்டையும் வெறுமையாக விட்டு, திறப்பைப் பூச்சட்டியின் கீழே ஒளித்துவிட்டுத் தேருக்குப் போகிறவரை என்னென்பது? பூச்சட்டியின் கீழும் கதவுநிலையின் மேலும் கிணற்றடித் தகரப்பேணியினுள்ளும் திறப்பு இருக்கும் என்பது வீட்டுப் பிள்ளைகளுக்கு மாத்திரமா தெரியும்?

2025ஆம் ஆண்டில் ஒரு பவுண் தங்கத்தின் விலை மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டியது. ஒரு மகளின் சீதனமாக ஒரு குடும்பம் இருபது ஆண்டுகள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிப் போய்விடும். அத்தகைய பொருளை அலுமாரிச் சேலைகளுக்கிடையில் வைத்திருப்பது அறிவுடைமையாகாது. வங்கிப் பெட்டகத்துக்குக் கட்டும் வாடகை, களவு போனபின் வடிக்கும் கண்ணீரிலும் மலிவானது.

வாகனம் வைத்திருப்போர் நிலையும் இதுவே. வைத்தியர், சட்டத்தரணி, ஆசிரியர், உத்தியோகத்தர் என்று படித்தவர்களே இதில் முன்னணியில் நிற்கின்றனர். ‘ஒரு நிமிடத்தில் வந்துவிடுவேன்’ என்று காரை ஓடவிட்டபடியே மருந்துக்கடைக்குள் நுழைகின்றனர். முன்னாசனத்திலே கைப்பை, அதற்குள்ளே பணமும் அடையாள அட்டையும் வீட்டுத் திறப்பும்! கண்ணாடியை உடைப்பதற்கு ஒரு கல்லும் ஒரு நொடியும் போதும். காரைப் பூட்டுவது மாத்திரம் போதாது. காருக்குள்ளே கண்ணிற்படும் பொருள் எதையும் விடாதிருக்க வேண்டும். வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். மோட்டார் சைக்கிளின் கைபிடிப் பூட்டு அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. வாகனத்தின் இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வீட்டிலே வைத்திருப்போர் எத்தனை பேர்? அந்த இரண்டு இலக்கங்களும் இல்லாத முறைப்பாடு, முகவரியில்லாத கடிதம் போன்றது.

கமக்காரரின் இழப்போ இவற்றினும் கொடியது. கார் போனவர் பஸ்ஸிற் போகலாம். இறைப்பு இயந்திரம் போனவரின் வெங்காயம் தண்ணீருக்குக் காத்திருக்குமா? மிளகாய்க் கன்று தவணை கேட்டு நிற்குமா? கடன்பட்டு வாங்கிய இயந்திரம் போனபின், கடன் நிற்க, பயிரும் வாடிப்போகிறது. ஒரு களவினால் ஒரு போகமே போய்விடுகிறது. ஆதலால் இறைப்பு முடிந்ததும் இயந்திரத்தைக் கிணற்றடியில் விட்டுவராது வீட்டுக்குக் கொண்டுவருதல் வேண்டும். இயலாதெனின் இரும்புச் சங்கிலியும் நல்ல ஆமைப்பூட்டும் இட்டு வைத்தல் வேண்டும். முன்னோர் மாட்டுக்குக் குறியிட்டது போல இயந்திரத்தின் உடலிலே அழியாதபடி பெயரைப் பொறித்தல் வேண்டும். பெயர் பொறித்த பொருளை விற்பது கள்ளனுக்கு எளிதன்று.

‘பூட்டி என்ன கண்டோம்?’ என்று சலித்துக்கொள்ளும் முதியோரையும் நாம் அறிவோம். அச்சலிப்புக்குக் காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாம மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, கதவைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டே சென்றனர். அடுத்த ஆண்டு திரும்பி வந்தோருட் பலருக்குத் திறப்பு இருந்தது. திறப்பதற்குக் கதவு இருக்கவில்லை. கூரையோடும் யன்னலும் கதவுநிலையுங்கூடப் போயிருந்தன. அந்தப் பேரிழப்பைக் கண்டவர்களுக்கு ஒரு பூட்டின்மீது நம்பிக்கை இல்லாமற் போனது வியப்பன்று. எனினும் அந்நிகழ்வு கற்பிக்கும் பாடம் பூட்டு வீண் என்பதன்று. ஆள் இல்லாத ஊரிற் பூட்டு வீண் என்பதே. வீட்டைக் காப்பது இரும்பு. இரும்பைக் காப்பது அயல்.

அயலாரின் காவல் என்றால் பொல்லோடு வீதியில் நிற்பதன்று. வெளியூர் செல்பவர் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டுச் செல்லட்டும்; பக்கத்து வீட்டார் மாலையில் ஒரு விளக்கைப் போட்டுவிடட்டும். தனித்திருக்கும் முதியவர்களின் படலையை நாளுக்கொருமுறை யாராவது தட்டிப் பார்க்கட்டும். ஊரில் இல்லாதவர்கள் வளவைத் துப்புரவாக வைத்திருப்பதற்கு ஒருவரை ஒழுங்கு செய்யட்டும். முன்பின் அறியாத வாகனம் ஒழுங்கையிற் பலமுறை சுற்றினால் அதன் இலக்கத்தைக் குறித்துவைக்கட்டும். ஒழுங்கைக்கு ஒருவராக, ஐந்தாறு வீட்டாரின் தொலைபேசி இலக்கங்களை வைத்திருக்கட்டும். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. எல்லைக்காணித் தகராற்றை ஒருபுறம் வைத்துவிட்டு அயலாரோடு பேசும் மனம் வேண்டும். அரையடி நிலத்துக்காகப் பத்தாண்டு பேசாதிருக்கும் இரு வீட்டாரைப் போலக் கள்ளனுக்கு உதவி செய்பவர் வேறெவருமில்லை!

இன்னொரு கூட்டத்தாரும் கள்ளனுக்கு உதவுகின்றனர். களவெடுத்த இயந்திரத்தைக் கள்ளன் தன் தோட்டத்துக்கு இறைக்கவா கொண்டுபோகிறான்? அரைவிலைக்கு வாங்குவதற்கு ஆள் இருப்பதாலேயே கொண்டுபோகிறான். செப்புக் கம்பியையும் பித்தளைக் குடத்தையும் கேள்வி கேளாது நிறுத்து வாங்கும் இரும்புக்கடைக்காரரும், பற்றுச்சீட்டின்றி மோட்டார் வாங்கும் கமக்காரரும், உரிமையாளர் இன்னாரென்று விசாரியாது நகையை உருக்குபவரும் களவின் பங்காளிகளே. களவுப்பொருள் என்று அறிந்து வாங்குவதை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையே குற்றமாக்கியிருக்கிறது. ஒரு கமக்காரர் மலிவென்று வாங்கும் இயந்திரம் மற்றொரு கமக்காரரின் வயிற்றெரிச்சல். நாளை அதே கள்ளன் இவர் கிணற்றடிக்கும் வருவான்.

கள்ளனைப் பிடிக்கும் ஆர்வத்தில் நாமே குற்றவாளிகளாகிவிடலாகாது. கண்முன்னே களவெடுத்தவனை எவரும் பிடிக்கலாம். பிடித்தவனைத் தாமதமின்றிப் பொலிசாரிடம் ஒப்படைக்க வேண்டும். இதுவே சட்டம். மரத்தோடு கட்டிவைத்து அடிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. இதனினும் இழிவான வழக்கம் ஒன்றுண்டு. களவு நடந்தவுடன் சந்தேகம் முதலிற் செல்வது எங்கே? கூலிவேலைக்கு வந்தவனின் வீட்டுக்கு, குடிசைக்கு, சாதியாற் தாழ்த்தப்பட்டோரின் குடியிருப்புக்கு, அண்மையில் ஊருக்கு வந்து குடியேறியவனிடம். சான்று ஏதுமின்றி ஏழையைச் சுட்டும் விரல் உண்மைக் கள்ளனைத் தப்பவைக்கும் விரல். பெரிய வீட்டுப் பிள்ளையும் களவெடுக்கிறான் என்பதைப் பெரிய வீட்டார் அறிவார்கள். ஊருக்குச் சொல்லுவதில்லை, அவ்வளவே.

அவன் ஏன் களவெடுக்கிறான்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியிலே விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு 70 வீதத்தை அண்மித்தபோது பசியினாற் களவெடுத்தவர் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டுச் சிலிண்டரையும் தாயின் சங்கிலியையும் விற்கும் இளைஞனை ஓட்டுவது பசியன்று, போதைப்பொருள். அவனுக்குச் சிறை மாத்திரம் மருந்தாகாது. மகனின் பழக்கத்தை மானத்துக்கு அஞ்சி மறைக்கும் பெற்றோர், அயல்வீட்டுக் கதவு உடைபடுமளவும் காத்திராது வைத்தியரை நாடவேண்டும்.

பொலிசாருக்கும் நாம் சொல்லவேண்டியது உண்டு. களவு கொடுத்தவர்களுட் பலர் பொலிஸ் நிலையத்துக்குப் போவதேயில்லை. ‘போய் என்ன பயன்? நான் சொல்வது அவருக்கு விளங்காது. அவர் எழுதுவது எனக்கு விளங்காது’ என்கின்றனர். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகத் தரப்படும் தகவலைத் தந்த மொழியிலேயே எழுதி, தந்தவருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்கிறது. அலுவலருக்கு அம்மொழியில் எழுத முடியாதெனின், முறைப்பாட்டாளரே தம் மொழியில் எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். இது சலுகையன்று, உரிமை. விளங்காத மொழியில் எழுதிய தாளிற் கையெழுத்திடாதீர்கள். தமிழில் எழுதிக் கேளுங்கள். அல்லது தமிழில் எழுதிக் கொடுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத கமக்காரரோடு படித்த அயலவர் ஒருவர் துணைக்குச் செல்வாராயின் அதனினும் சிறந்த பொதுத்தொண்டு வேறில்லை. முறைப்பாடு இல்லாத களவு, அரசாங்கக் கணக்கில் நடவாத களவு!

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் பொலிஸ் அதிகாரத்தை மாகாணங்களுக்கு ஏட்டிலே எழுதி வைத்தது. 2013இல் தெரிவாகி 2018இற் காலம் முடிந்த வடக்கு மாகாண சபையின் கைக்கு அது வந்து சேரவேயில்லை. மக்களின் மொழியறிந்த, ஊரறிந்த பொலிஸ் வேண்டுமென்று நாம் கேட்பது வீண்பெருமைக்காகவன்று. களவு போன கமக்காரனின் முறைப்பாடு அவன் சொன்னபடியே எழுதப்பட வேண்டும் என்பதற்காகவே. ஆனால், மாகாணத்தைக் காக்கும் அதிகாரம் கேட்கும் நாம் நமது ஒழுங்கையைக் காத்துக் காட்டவேண்டாமா? அதற்கு எந்தப் பாராளுமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.

ஆகவே, இன்றிரவு படுக்கைக்குச் செல்லுமுன் வாசகர்கள் மூன்று காரியங்களைச் செய்வார்களாக. பின்கதவையும் வாகனத்தையும் பூட்டுங்கள். இயந்திர இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். நெடுநாளாகப் பேசாதிருக்கும் அயலவரின் தொலைபேசி இலக்கத்தை நாளை காலை கேட்டு வாங்குவதென்று முடிவு செய்யுங்கள். முதலிரண்டும் எளியவை. மூன்றாவது கடினமானது, அதுவே ஊரைக் காப்பது.