கையை அளந்தோம், மனிதரை அறிந்தோமா?

மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பது நோயா, நோயாளியா? கேள்வி பழையது, விடையோ இன்னும் நடைமுறைக்கு வந்தபாடில்லை. ‘ஆக்குபேஷனல் தெரபி’ எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையிலும் இதுவே தீராத வழக்காக நிற்கிறது. அளக்கக் கூடியது மட்டுமே அறிவு, ஏனையவை வெறும் கனிவுரை என்போர் ஒருபுறம். நோயாளியின் வாழ்வைப் படித்துப் பொருள் காணாமல் சிகிச்சை இல்லை என்போர் மறுபுறம். நாம் பின்னவர் பக்கம் நிற்கிறோம். ஏன் என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறுவோம்.

இத்துறையினர் 1917இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் கூடிச் சங்கம் அமைத்தனர். அவர்கள் சொன்ன ‘தொழில்’ பிழைப்புத் தொழில் மட்டுமன்று. உண்பது, உடுப்பது, விளையாடுவது என மனிதரின் நாளை நிரப்பும் அனைத்தும் அதில் அடங்கும். வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகியவற்றின் தாளத்திலேயே மனிதர் நலம் பெறுகிறார் என்று 1922இல் எழுதினார் மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர். பிறந்தபோதே வாழ்வை நோக்கிய துறை இது. பின்னாளில் இதுவும் அளவுகோலிடம் அடைக்கலம் புகுந்தது.

அளவுகோலை நாம் வெறுக்கவில்லை. 1965இல் வெளிவந்த பார்த்தெல் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். உண்ணுதல், குளித்தல், படியேறுதல் எனப் பத்து இனங்கள். முழு மதிப்பெண் நூறு. நோயாளியின் முன்னேற்றத்தை அறிய அது பெரிதும் உதவுகிறது. ஆயினும் நூறும் பெற்ற ஒருவரால் சமைக்கவோ, வீட்டைப் பேணவோ இயலாமற் போகலாம் என்று அதனை வகுத்தவர்களே எச்சரித்தனர். வகுத்தவர்கள் உணர்ந்த எல்லையை வழிபடுவோர் மறந்தனர்!

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த தையற்காரர் ஒருவரிடம், பலகைத் துளைகளில் மரமுளைகளைச் செருகுமாறு கூறுகின்றனர். அவர் மறுக்கிறார். ‘ஒத்துழைப்பு இல்லை’ என ஏட்டில் பதிவாகிறது. இங்கேதான் நம் வழக்கின் உயிர்நாடி உள்ளது. அந்த இரு சொற்கள் அளவீடா? இல்லை; அவை ஒரு பொருள்கோள்! பொருள் காண்பது அறிவியலன்று என்று மறுத்தவரே, தாம் அறியாமல் பொருள் கண்டுவிட்டார். அதையும் தவறாகக் கண்டார். நாற்பது ஆண்டுகள் ஊசி பிடித்த கைக்கு மரமுளை விளையாட்டு அவமானமாகத் தோன்றியிருக்கலாம் அன்றோ? அவர் மடியில் ஒரு துணியை வைத்துக் கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கக் கூடும்.

1980களின் பிற்பகுதியில் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில், மானிடவியலாளர் செரில் மாட்டிங்லியும் சிகிச்சையாளர் மொரீன் ஃபிளெமிங்கும் இத்துறையினர் எவ்வாறு சிந்திக்கின்றனர் என ஆராய்ந்தனர். 1994இல் அது நூலாயிற்று. சிகிச்சையாளரின் சிந்தனை ஒரே தடத்தில் ஓடுவதில்லை என்று அவர்கள் கண்டனர். உடற்குறையை ஆய்வது ஒரு தடம். எதிரில் இருப்பவரோடு உறவாடி அறிவது மற்றொன்று. இந்நோய் அவர் வாழ்வில் என்னவாகும், அவர் இனி யாராக வாழக்கூடும் என எண்ணுவது மூன்றாவது. பின்னிரண்டிலும் கதையே அறிவின் கருவியாகிறது. ஆனால் அப்பணியின் பெரும்பகுதி ஏட்டில் ஏறுவதில்லை. செய்கிறார்கள், சொல்ல அஞ்சுகிறார்கள். மருத்துவமனை மதிப்பதும் காப்பீடு பணம் தருவதும் உடற்கணக்குக்கே. நல்ல பணி தலைமறைவாக நடக்க வேண்டிய நிலை எவருக்குப் பெருமை?

‘பொருள் காண்பவர் தம் கற்பனையை நோயாளி மீது ஏற்றிவிடுவாரே!’ என்பர். நியாயமான அச்சம். அதனாற்றான் அப்பணியை வெளிச்சத்துக்குக் கொணர வேண்டும் என்கிறோம். ஏட்டில் எழுதப்பட்ட பொருள்கோளைச் சக சிகிச்சையாளர் கேள்வி கேட்கலாம். நோயாளி ‘இல்லை, அப்படியன்று’ என மறுக்கலாம். அடுத்த நாள் திருத்தலாம். எழுதப்படாததை யார் திருத்துவது?

ஆகவே, மதிப்பெண் இருக்கட்டும். அதன் அருகே மற்றொரு வரியும் இருக்கட்டும்: ‘இக்கை இவருக்கு எதற்காக வேண்டும்?’ இக்கேள்வியைக் கேளாமல் தொடங்கும் சிகிச்சை, கையை அசைக்கக் கற்றுத்தரலாம். அக்கை எதைத் தேடி நீள்கிறது என்பதை ஒருபோதும் அறியாது.