கடனை அளக்க இரண்டு படியா?

வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருக்கும் கடைக்காரனை ஊர் நம்பாது. அரசாங்கக் கடன் விஷயத்தில் நம் கட்சிகள் எல்லாமே அந்தக் கடைக்காரனாகத்தான் இருக்கின்றன.

ஆட்சி மாறியதும் வெள்ளை அறிக்கை விடுவது தமிழகத்தில் பழகிப்போன ஒன்று. 2001இல் அ.தி.மு.க. விட்டது, 2021இல் தி.மு.க. விட்டது. இரண்டிலும் ஒரே பல்லவி: போனவர்கள் கஜானாவைக் காலி செய்துவிட்டார்கள். குடும்பம் ஒன்றின் தலையில் 2,63,976 ரூபாய் கடன் என்றது 2021 அறிக்கை. அந்தக் கடனில் எவ்வளவு பாலமாயிற்று, எவ்வளவு பழைய கடனுக்கு வட்டியாயிற்று என்ற கேள்வி கூச்சலில் அமுங்கிப்போயிற்று.

தில்லியில் நடப்பது இன்னும் பெரிய கூத்து. அரசியல் சட்டத்தின் 292ஆம் பிரிவுப்படி மத்திய சர்க்காரின் கடனுக்கு எல்லை போட வேண்டியது பாராளுமன்றம். அங்கே பெரும்பான்மை ஆளுங்கட்சிக்கு! பற்றாக்குறையை நாட்டு உற்பத்தியில் 3 சதவீதமாக்க 2003இல் வாஜ்பாய் ஆட்சி சட்டம் செய்தது. 2012இல் காங்கிரஸ் ஆட்சி கெடுவைத் தள்ளிப்போட்டது, 2018இல் பா.ஜ.க. ஆட்சியும் தள்ளிப்போட்டது. பெருந்தொற்று வந்த 2020-21இல் பற்றாக்குறை 9 சதவீதத்தைத் தாண்டியது. ஆபத்துக் காலத்தில் கடன் வாங்கியதை நாம் குறை சொல்லவில்லை.

மாநிலங்களுக்கோ 293ஆம் பிரிவு. மத்திய சர்க்காருக்குப் பழைய பாக்கி இருந்தால், புதுக் கடனுக்கு அதன் சம்மதம் வேண்டும். அதே 2020இல் மாநிலங்களுக்குத் தந்த கூடுதல் கடன் அனுமதியில் ஒரு பகுதிக்கு நிபந்தனைகள் போட்டார்கள். 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' அவற்றில் ஒன்று. வெளி மாநிலத்தில் உழைக்கும் நமக்கு அந்தத் திட்டம் அவசியம், வரவேற்கிறோம். ஆனால் நல்ல காரியத்தைப் பேசி இணங்க வைக்க வேண்டும். கஷ்டத்தில் இருப்பவன் கையை முறுக்கிச் செய்விக்கக் கூடாது.

கேரள அரசின் 'கிஃப்பி' வாரியம் வாங்கிய கடனை மாநிலத்தின் வரம்பில் சேர்த்தார்கள். கடைசியில் அடைக்கப்போவது கஜானாதான், சேர்ப்பது நியாயமே. அப்படியானால், 1986இல் தொடங்கிய இந்திய ரயில்வே நிதிக் கழகம் பத்திரம் விற்றுத் திரட்டிய கடன்? அந்தப் பணத்தில் வந்த எஞ்சினையும் வேகனையும் ரயில்வே ஊழியர்களான நாம் தினமும் பார்க்கிறோம். குத்தகைப் பணம் கட்டுவது ரயில்வே. அந்தக் கடன் மட்டும் மத்திய பற்றாக்குறைக் கணக்கில் ஏறவில்லையே!

2023இல் கேரளம் உச்ச நீதிமன்றம் போயிற்று. 2024 பிப்ரவரி 7 அன்று ஜந்தர் மந்தரில் கர்நாடகக் காங்கிரஸ் ஆட்சி வரிப்பங்கு கேட்டுப் போராடியது. மறுநாள் அதே இடத்தில் பினராயி விஜயன் போராடினார். கேரளக் காங்கிரஸார் சேரவில்லை. எல்லை தாண்டினால் கொள்கையும் மாறிவிடுமா? ஏப்ரல் 1 அன்று நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் மறுத்து, வழக்கை 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.

தோழர்களே, கடனுக்கு வரம்பு வேண்டியதுதான். ஆனால் மத்திய சர்க்காருக்கும் மாநிலத்துக்கும் ஒரே படி வேண்டும். அளப்பவர் ஆளுங்கட்சியாக இருக்கக் கூடாது. சுயேச்சையான நிதிக் கவுன்சில் வேண்டுமென்று என்.கே. சிங் குழு 2017லேயே சிபாரிசு செய்தது. மாநிலங்களுக்கும் இடமுள்ள அத்தகைய கவுன்சிலைச் சட்டப்படி அமைக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வரும் எந்தக் கட்சிக்காரரிடமும் நம் கிளைகள் கேட்க வேண்டிய கேள்வி இது: எதிர்வரிசையில் இருந்து சொன்னதை ஆளும்போதும் சொல்வீர்களா?