மார்க் இருந்தும் சீட்டு போகலாமா?

பிளஸ்-2 முடித்த பிள்ளைகளுக்கு என்ஜினீயரிங் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் தெருமுனை பிரவுசிங் சென்டரில் நிற்க இடம் இருக்காது.

"அண்ணே, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நல்ல காலேஜா பார்த்து நீங்களே போட்டு விடுங்க" என்கிறார் ஒரு தாய். பாஸ்வேர்டு எழுதிய துண்டுச் சீட்டையும் நீட்டுகிறார்.

பன்னிரண்டு வருடப் படிப்பு அந்தச் சீட்டோடு கைமாறுகிறது!

1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்தபோது, கிண்டிக்கு பஸ் ஏறி வந்து மரத்தடியில் காத்துக் கிடந்தார்கள். அலைச்சல்தான். ஆனாலும் அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே இடம் காலி என்று கண்ணால் பார்த்து எடுத்தார்கள். 2018-ல் எல்லாம் ஆன்லைன் ஆனது. பஸ் செலவு மிச்சம். பக்கத்தில் உட்காரத்தான் ஆள் இல்லை.

கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. ஆக 200-க்கு கட்-ஆப். இது எல்லா வீட்டிலும் மனப்பாடம். விருப்பப் பட்டியலின் வரிசைதான் பலருக்குப் புரிவதில்லை.

கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். மார்க்குக்குக் கிடைக்கிற முதல் இடத்தில் நின்றுவிடும். ஆசைப்பட்ட காலேஜ் ஏழாவதாக இருந்து, மூன்றாவதே கிடைத்துவிட்டால் ஏழாவதை அது பார்க்கவே பார்க்காது. கெடு முடிந்து பட்டியல் பூட்டிக்கொண்டால் அழுதாலும் மாற்ற முடியாது.

"அதெல்லாம் நமக்குக் கிடைக்காது" என்று நல்ல காலேஜைக் கீழே தள்ளுகிற பிள்ளைகள் உண்டு. மேலே போட்டுக் கிடைக்காமல் போனால் நஷ்டம் எதுவும் இல்லை. அடுத்ததைத்தான் பார்க்கும். இதை யார் சொல்லிக் கொடுப்பது?

சொல்ல ஆள் இல்லாத இடத்தில் புரோக்கர் வருகிறார். "கலந்தாய்வு எதுக்குங்க? நேரா சேர்த்து விடுறேன்" என்கிறார். அப்படிப் போனால் வீட்டின் முதல் பட்டதாரிக்கு 2010-ல் கொண்டுவந்த கட்டணச் சலுகை கிடையாது. ஆறாவது முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது. இரண்டும் கலந்தாய்வில் வருகிறவர்களுக்குத்தான். புரோக்கர் இதைச் சொல்வாரா என்ன?

அரசு உதவி மையங்கள் இருக்கின்றன. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை விட்டால்தான் அங்கே போய் நிற்க முடியும்.

மேல்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் ரூம் இருக்கிறதே! சாயங்காலம் மணி அடித்ததும் ஏன் பூட்ட வேண்டும்? பட்டியல் போடுகிற நாட்களில் மட்டும் ராத்திரி எட்டு மணி வரை திறந்து வையுங்கள். பாடம் நடத்திய வாத்தியார் ஒருவரை அங்கே உட்கார வையுங்கள். அவருக்கு அதற்கென்று தனிப்படி கொடுங்கள். பிள்ளையின் மார்க்கும் தெரியும், வீட்டு நிலைமையும் தெரியும் அவருக்கு.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. டைப் அடிக்க யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். பாஸ்வேர்டையும், போனுக்கு வருகிற ஓ.டி.பி.யையும் கொடுக்காதீர்கள். வரிசையை முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து பேப்பரில் எழுதி எடுத்துப் போங்கள்.