வெட்டு சரியான இடத்தில் விழுந்ததா?

சம்பா மசூரியைத் திருத்தி உருவாக்கிய கமலா, எம்.டி.யு. 1010-ஐத் திருத்தி உருவாக்கிய பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என இரண்டு மரபணு திருத்த நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் 2025 மே மாதம் அறிவித்தார். அதன்பிறகு உழவர் கூட்டங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "வெட்ட வேண்டிய இடத்தில்தான் வெட்டினார்கள் என்று எப்படி நம்புவது?"

நியாயமான கேள்வி. பதிலில் பாதி, செல்லுக்குள் டி.என்.ஏ. சுற்றி வைக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது.

ஒரு நெல் செல்லின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய ஒரு அடி நீளம் வரும். கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் அது அடங்க வேண்டும். அதற்காக ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகள்மேல், கட்டையில் நூல் சுற்றுவதுபோல, உருண்டைக்கு சுமார் 147 எழுத்து வீதம் சுற்றப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் செல்லுக்குத் தேவைப்படும் பகுதிகள் பெரும்பாலும் தளர்ந்திருக்கும்; மற்றவை இறுகிக் கிடக்கும்.

கிரிஸ்பர் கத்தரி சுமார் 20 எழுத்துள்ள முகவரியை வைத்து இடம் தேடுகிறது. முகவரி சரியாக இருந்தாலும், இறுகிய பகுதிக்குள் நுழைய முடியாமல் திணறும். நெல்லில் நடந்த ஆய்வுகளிலும் தளர்ந்த இடங்களில்தான் திருத்தம் எளிதாக விழுந்தது. இது விஞ்ஞானியின் தலைவலி; கூடுதல் செடிகளைச் சோதித்தால் தீர்ந்துவிடும்.

உங்கள் கவலை வேறு. ஓரிரு எழுத்து மட்டும் மாறிய, கிட்டத்தட்ட அதே முகவரி, தளர்ந்த பகுதி ஒன்றில் இருந்தால் கத்தரி அங்கேயும் வெட்டிவிடலாம். எழுத்து ஒற்றுமையை மட்டும் பார்த்துக் கணினி தரும் பட்டியல் இதை முழுதாகச் சொல்லாது. இன்னொன்று, நெல்லில் கத்தரியைப் பெரும்பாலும் திசு வளர்ப்புக் கேலஸில்தான் செலுத்துகிறோம். இலையில் இறுகிக் கிடக்கும் பகுதி அங்கே திறந்திருக்கலாம்.

வெளி மரபணு இல்லாத இத்தகைய பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடும் விதிகள் சிலவற்றிலிருந்து 2022 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அதை நான் ஆதரிக்கிறேன். டிராம்பேயில் கதிர்வீச்சின் துணையோடு உருவான நிலக்கடலை ரகங்களைப் பயிரிட்டோம், சாப்பிட்டோம். கதிர் எந்தெந்த மரபணுவைத் தொட்டது என்று யார் கேட்டோம்? ஆனால் அன்று முழு டி.என்.ஏ.வையும் படிக்கும் வசதி இல்லை, இன்று இருக்கிறது. தாய் ரகத்தின் டி.என்.ஏ.வோடு புதிய ரகத்தினுடையதை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, வேண்டாத வெட்டு இருந்தால் தாய் ரகத்தோடு மீண்டும் கலப்புச் செய்து கழித்துவிடலாம். அப்படிச் செய்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவதில் என்ன சிரமம்?

விரிவாக்கப் பணியாளர்களே, புதிய விதை உங்கள் வட்டாரத்துக்கு வரும்போது இரண்டு தாள்களைக் கேளுங்கள். ஒன்று மகசூல் விவரம், மற்றது இந்த ஒப்பீடு. முதல் தாள் கேட்காமலே வந்துவிடும்.