பழகினால் வளரும் நம்பிக்கை



இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம், கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தில், பட்டிப்பொலயில் அமைந்துள்ளது. மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. வழி தெரியாத நாம் அங்கே திகைத்து நின்றுவிடுவோம். விறகுச் சுமையோடு வரும் தாயோ தயங்காமல் நடக்கிறார். அவருக்காகப் பனி விலகுவதில்லை. நாள்தோறும் நடந்து பாதையை அறிந்தவர் அவர்.

"சுவாமி, செபிக்கிறேன்; நம்பிக்கைதான் வரவில்லை" என்று நம்மில் பலர் வருந்துகிறோம். நம்பிக்கையை வற்புறுத்தி வரவழைக்க இயலாது. ஆண்டவரின் பெயரை அறிந்தோரே அவரை நம்புவர் என்கிறது திருப்பாடல் 9:10. அறிதல் என்பது ஞானோபதேச வினாவிடையை ஒப்புவிப்பதன்று (அதையும் மறந்துவிட்டோம் என்பது வேறு கதை!), உடனிருந்து பழகுதல்.

புனித யோசேப் வாஸ் அடிகளாரைப் பாருங்கள். 1692இல் கண்டிக்கு வந்த அவர், போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். விடுதலை எப்போதென அவருக்குத் தெரியாது. ஆயினும் அச்சிறையிலேயே சிங்களம் கற்றார்; எளிய பீடமொன்று அமைத்துச் செபித்தார். கோவாவில் நெடுநாள் செபத்தில் பழகிய இறைவனை அவர் கண்டியில் புதிதாகத் தேடவேண்டியிருக்கவில்லை.

நாமோ நோயும் கடனும் வந்தபின்பே அவரிடம் விரைகிறோம். அப்போதும் அவர் நம்மைத் தள்ளிவிடுவதில்லை. ஆனால், பழகாதவரிடம் நம் மனம் தன்னை எப்படி ஒப்படைக்கும்? இன்றிரவு தொலைக்காட்சியைச் சற்றே அணைத்துவிட்டு, குடும்பமாக அமர்ந்து மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் திறவுங்கள். பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும்.